மலையூர்களில் செல்பேசிக் கோபுரங்களும் மின்சாரச் செலவும்: கேள்வி பதில்

கோத்தகிரி வாசகர்: ஐயா, நள்ளிரவில் எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. அப்போதும் கோபுரம் மின்சாரம் இழுக்குமா?

பதில்: இழுக்கும். அழைப்பு ஒன்றுகூட இல்லாதபோதும், தான் இருப்பதைக் கைப்பேசிகளுக்கு அறிவிக்கும் சமிக்ஞையை அது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 4ஜியில் இச்சமிக்ஞை ஒவ்வொரு மில்லிவினாடியும் போவதால், சமிக்ஞையை வலுவாக்கி அனுப்பும், அதிக மின்சாரம் உண்ணும் உறுப்பான திறன் பெருக்கிக்கு நீண்ட ஓய்வு கிடைப்பதில்லை. 5ஜியிலோ முக்கிய அறிவிப்பு 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை போனால் போதும் என்பதால், இடைவெளிகளில் பெருக்கியை அணைத்து வைக்க முடிகிறது. ஒரே கோபுரத்தில் பல அலைவரிசைகள் இருந்தால், தொலைவு எட்டும் தாழ் அலைவரிசை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மென்பொருளே உறங்க வைக்கும். என் கணிப்பில், மலையூர்களில் பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது.

குன்னூர் வாசகர்: இந்தக் குளிரில் கோபுர அறைக்கு ஏசி எதற்கு?

பதில்: பல இடங்களில் தேவையே இல்லை. முன்பு ரேடியோக் கருவி அடியிலுள்ள அறையில் இருந்தது, அதன் சூட்டைத் தணிக்கவே ஏசி. அங்கிருந்து உச்சிக்குத் தடித்த கேபிள் ஏறியது. அதில் 3 டெசிபல் இழப்பு என்றால், பாதித் திறன் கேபிளைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். இப்போது கருவியை ஆன்டெனாவுக்கு அருகிலேயே மாட்டி, தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழையையும் மின்கம்பியையும் மேலே கொண்டுபோகிறார்கள். மலைக்காற்றே கருவியைக் குளிர்விக்கிறது. பேட்டரி விஷயத்தில் மட்டும் குளிர் நண்பனல்ல: சாதாரண லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெடும் என்பதால், தை மாதம் உறைபனி விழும் உதகைப் பள்ளங்களில் சூடேற்றும் வசதியுள்ள பெட்டி வேண்டும்.

பூம்பாறை வாசகர்: டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு சோலார் மட்டும் வைக்கலாமா?

பதில்: ஆண்டுச் சராசரி வெயிலைக் கொண்டு கணக்கிட்டால் ஏமாறுவீர்கள், பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களை வைத்தே சோலார் தகட்டின் அளவை முடிவு செய்ய வேண்டும். முதலில் கோபுரத்தின் மின்செலவைக் குறைத்துவிட்டு, பிறகு தகடு வாங்குவதே முறை.

கூடலூர் வாசகர்: மூடுபனி வந்தால் சிக்னல் குறைந்து, கைப்பேசி பேட்டரியும் விரைவில் தீர்கிறது. தொட்டபெட்டாவில் ஒரே பெரிய கோபுரம் வைத்தால் தீருமா?

பதில்: செல்பேசி அலைவரிசைகளை மூடுபனி பொருட்படுத்தத்தக்க அளவு தடுப்பதில்லை, மலைத்தோள்களும் ஈர இலைகளுமே பெரும்பாலும் காரணம். சிக்னல் மெலிந்த இடத்தில் கைப்பேசி தன் உச்சத் திறனை, 4ஜியில் பொதுவாக 200 மில்லிவாட்டை, நோக்கி ஏறுவதால் பேட்டரி கரைகிறது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை அழைப்பை இயக்கி வையுங்கள். 2,637 மீட்டர் உயரச் சிகரத்திலிருந்து அனுப்பினாலும் பள்ளத்தாக்குகள் நிழலில்தான் கிடக்கும். தடையற்ற வெளியில்கூடத் தொலைவு இரட்டிப்பானால் நான்கு மடங்கு திறன் வேண்டும் என்பதால், பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சிறு நிலையங்கள் வைப்பதே மின்சாரச் சிக்கனம்.