வாசகர் கேள்வி பதில்: செராஃபின் லூயியின் எஞ்சிய ஓவியங்கள்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் செராஃபின் லூயியின் வாழ்க்கையைச் சொல்லும் 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தை அண்மையில் பார்த்தேன். அவர் வரைந்தவற்றில் எஞ்சியுள்ள ஓவியங்களைப் பட்டியலிடுவது மிகவும் கடினமான வேலை என்று எங்கோ படித்தேன். ஏறத்தாழ நூறாண்டே ஆன ஓவியங்களைத் தேடித் தொகுப்பதில் அப்படி என்ன சிரமம்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த ஓவியங்கள் யார் யார் கைக்குப் போயின என்பதில்தான் சிரமம் தொடங்குகிறது. செராஃபின் 1864இல் பிரான்சின் வாஸ் மாவட்டத்தில் ஆர்சி என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார், ஆடு மேய்த்தார், கிளெர்மோன் ஊரில் கன்னியர் மடமொன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்தார், பிறகு சான்லிஸ் நகரத்து வீடுகளில் தரை துடைத்தும் துணி துவைத்தும் பிழைத்தார். யாரிடமும் ஓவியம் கற்றதில்லை. வரையும்படி தமக்கு விண்ணிலிருந்து கட்டளை வந்ததாக நம்பி, வேலை முடிந்த இரவுகளில் தம் அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரைந்தார்.

இப்படி வாழ்ந்தவரிடம் விற்பனைக் கணக்கோ குறிப்பேடோ இருந்திருக்க வழியில்லை. ஆகவே பட்டியல் தயாரிப்பவர் ஓவியம் போன தடத்தைத்தான் பிடித்துச் செல்ல வேண்டியிருக்கிறது. தொடக்ககாலச் சிறு படங்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. ஜெர்மானியரான கலை விமர்சகர் வில்ஹெல்ம் ஊடே 1912இல் சான்லிஸில் தங்கியிருந்தபோது, ஒரு வீட்டில் ஆப்பிள் பழங்களை வரைந்த சிறு படத்தைப் பார்த்து, வரைந்தவர் யார் என்று விசாரித்தார். தம் வீட்டைத் துப்புரவு செய்யும் பெண்தான் அவர் என்று தெரிந்துகொண்டார். ஊடே அவர் படங்களை வாங்கத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. எதிரி நாட்டவர் என்பதால் ஊடே பிரான்சைவிட்டு வெளியேற, பிக்காசோ, பிராக், ரூசோ ஆகிய ஓவியர்களின் படங்கள் அடங்கிய அவருடைய சேகரிப்பை அரசு கைப்பற்றி 1921இல் பாரிஸில் ஏலம் விட்டது. செராஃபினின் முற்கால ஓவியத்துக்குத் தடம் தேடுபவர் அந்த ஏலத்தின் ஆவணங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஊடே 1927இல் சான்லிஸுக்கு அருகிலுள்ள ஷாந்தியி நகரில் குடியிருந்தபோது, சான்லிஸ் நகர மன்றத்தில் உள்ளூர் ஓவியர்களுக்காக நடந்த கண்காட்சியில் செராஃபினின் படங்களை மீண்டும் கண்டார். அதன் பின் வந்த பெரிய ஓவியங்களுக்குத் தடம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அவை ஊடேயின் கைவழியாக அருங்காட்சியகங்களுக்கும் பெரிய சேகரிப்பாளர்களுக்கும் சென்றன. சிறிய படங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த ஆப்பிள் படம், அந்த வீட்டுப் பெரியவர் காலமானதும் பழைய பொருள் வாங்குபவரிடம் போய்விட்டால், அது யார் வரைந்தது என்பதைச் சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. பெரிய மர ஓவியங்களை வைத்தே செராஃபினை அறிந்தவர்களுக்கு அந்த ஆப்பிள் அவருடைய கையாகத் தோன்றாது. என்னைக் கேட்டால், பட்டியலின் பெரும் உழைப்பு இந்தச் சிறு படங்களுக்கே செலவிடப்பட வேண்டும்.

கேள்வி: அவர் ஓவியங்களில் ஆண்டு குறிக்கப்படுவதில்லை என்றால், அருங்காட்சியகங்கள் ‘1929 அளவில்’ என்றெல்லாம் எதை வைத்து எழுதுகின்றன? அதை நம்பலாமா?
— ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ‘அளவில்’ என்ற சொல்லை மறைக்காமல் எழுதும்வரை நம்பலாம். உறுதியான சில எல்லைக் கற்கள் நம்மிடம் இருக்கின்றன. உலகப் பொருளாதார நெருக்கடியில் வாங்குவோர் குறைந்து, ஊடேயின் ஆதரவும் நின்றுபோன பின், செராஃபின் 1932இல் கிளெர்மோன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே அவர் வரையவில்லை. எனவே எந்த ஓவியத்துக்கும் கடைசி எல்லை அந்த ஆண்டுதான். இன்னொரு எல்லை 1927. பெரிய கேன்வாஸ்களும் வண்ணங்களும் ஊடேயின் உதவியால் தாராளமாகக் கிடைத்த பிறகே ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள ஓவியங்கள் வருகின்றன. அதற்கு முந்தியவை பெரும்பாலும் சிறியவை, பலகையிலும் அட்டையிலும் வரையப்பட்டவை.

அளவுநாடா இங்கே நாம் நினைப்பதைவிடப் பயன்படும் கருவி. பிரான்சில் கடைகளில் விற்ற கேன்வாஸ்களுக்கு எண்ணிட்ட நிலையான அளவுகள் உண்டு. செராஃபினின் பெரிய மரங்கள் சில 195க்கு 130 சென்டிமீட்டர் அளவில் இருப்பது அந்த வரிசையில் 120ஆம் எண் கேன்வாஸின் அளவு. அதே வகை ஓவியம் ஒன்று உயரத்தில் பத்து சென்டிமீட்டர் குறைந்து வந்தால், யாரோ ஒருவர் ஓரத்தை வெட்டியிருக்கிறாரா என்று மரச்சட்டத்தில் மடிந்திருக்கும் துணியைப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்டது கீழ் ஓரமானால் கையொப்பமும் அதோடு போயிருக்கக்கூடும்.

கையொப்பத்தையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘எஸ். லூயி’ என்ற தம் பெயரை அவர் தூரிகையால் எழுதாமல் பெரும்பாலும் கத்திமுனையால் வண்ணத்தில் கீறினார். ஈரமான வண்ணத்தில் கீறினால் கோட்டின் இருபுறமும் வண்ணம் வரப்புபோல் மெல்ல ஒதுங்கி நிற்கும். காய்ந்து இறுகிய வண்ணத்தில் பிற்காலத்தில் கீறினால் விளிம்பு பொடிந்து உதிர்ந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கவாட்டில் பிடித்த விளக்கும் இருந்தாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

அடுத்தது வேதியியல். அவர் ரிபோலின் என்னும் வீட்டு எனாமல் பெயிண்டைப் பயன்படுத்தினார்; அந்தப் பெயிண்டில் துத்தநாக வெள்ளை இருந்தது. ரூட்டைல் வகை டைட்டானியம் வெள்ளை என்னும் நிறமி 1930களின் இறுதிக்குப் பிறகும், தாலோசயனின் நீலம் என்னும் செயற்கை நிறமி 1935க்குப் பிறகுமே சந்தைக்கு வந்தன. இவற்றில் ஒன்று ஓவியத்தின் அடிப்படை வண்ணத்திலேயே கலந்திருந்தால் அது செராஃபின் வரைந்ததாக இருக்க முடியாது. மேற்பரப்பில் ஓரிரு இடங்களில் மட்டும் தென்பட்டால் அது பிற்காலத்தில் பழுதுபார்த்தவரின் பூச்சு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு ஓர் ஓவியத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது.

கேள்வி: ‘சொர்க்க மரம்’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓவியங்களைப் பார்த்தேன். எது எது என்று எப்படிப் பிரிப்பது?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பெயரை வைத்துப் பிரிக்க முயல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். ‘சொர்க்க மரம்’, ‘பூங்கொத்து’, ‘இலைகள்’ போன்ற பெயர்கள் பல படங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை பெரும்பாலும் விற்றவர்களும் கண்காட்சி நடத்தியவர்களும் வைத்தவை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு ‘சொர்க்க மரம்’ இருக்கிறது. பிரான்சில் வேறொன்று இருக்கிறது. ஆகவே நல்ல பட்டியல் ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஓர் எண் கொடுத்து, வழங்கிவந்த எல்லாப் பெயர்களையும் அதனடியில் எழுதி, பிறகு படத்தைச் சொல்லால் வரைந்து காட்டும். அடிமரம் எந்தப் பக்கம் சாய்கிறது, இலை நடுவிலுள்ள கண் போன்ற வட்டங்கள் எந்த நிறம், விளிம்பு இறகுபோல் பிரிகிறதா சிப்பிபோல் மடிகிறதா என்று எழுதிவைத்தால், நிழற்படம் இல்லாத பழைய விற்பனைக் குறிப்பு ஒன்று கிடைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும். புதிதாக அழகான பெயர் சூட்டும் ஆசையைப் பட்டியலாசிரியர் அடக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அவர் கண்ட தெய்வக் காட்சிகளையும், வண்ணத்தில் இரத்தமும் தேவாலய விளக்குகளின் எண்ணெயும் கலந்தார் என்ற செய்தியையும், மனநோயையும் பட்டியலில் சேர்ப்பது முறையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மூன்றும் மூன்று விதமானவை. கட்டளை கேட்டு வரைந்தேன் என்பது ஓவியரே சொன்ன வாக்கு என்பதால், அதை அவர் சொன்னதாகவே முன்னுரையில் மரியாதையுடன் பதிவுசெய்யலாம். தேவாலயத்துக் கண்ணாடி ஓவியங்களின் ஒளியும், மடத்தில் கழித்த ஆண்டுகளும் அந்த வாக்குக்குப் பின்னால் இருக்கின்றன. வண்ணக் கலவையை அவர் ரகசியமாக வைத்திருந்ததால் அதைச் சுற்றிக் கதைகள் வளர்ந்தன. இரத்தம் என்பது வழிவழியாக வரும் பேச்சு. ‘என்ன வண்ணம்’ என்ற பத்தியில் பரிசோதனையில் தெரிந்தது மட்டுமே இடம்பெற வேண்டும். கேள்விப்பட்டதை அங்கே எழுதினால் அடுத்து வரும் நூல்கள் அதையே உண்மையாக எடுத்து எழுதிவிடும்.

நோயைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. மருத்துவமனையில் சேர்ந்த தேதியை வாழ்க்கைக் குறிப்பில் எழுதலாம். ஆனால், அதற்கு முன்பே வரைந்து முடித்த ஓர் இலையில் நோயின் அறிகுறியைத் தேடிப் பட்டியலில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி. கலைப்பள்ளியில் படித்த ஓவியரின் படத்தைப் பற்றி எழுதும்போது அமைப்பையும் நிறத்தையும் சொல்கிறோம். செராஃபின் ஒரு பூவிதழின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான சிறு கோடுகளை ஒன்றுகூடப் பிசகாமல் இழுத்திருக்கிறார் என்றால், அந்தக் கைத்திறனும் அதே மொழியில் சொல்லப்பட வேண்டும்.

கேள்வி: ஒரு நூலில் அவர் இறந்தது 1934 என்றும் மற்றொன்றில் 1942 என்றும் உள்ளது. எது சரி?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: 1942 சரி. அந்த ஆண்டு டிசம்பரில், போர்க்காலப் பட்டினியில், மருத்துவமனையின் கிளையில் இறந்தார். பொதுக் கல்லறையில் புதைக்கப்பட்டார். 1934 என்ற தவறு ஊடேயின் எழுத்திலிருந்து பரவியது. பட்டியல் தொகுப்பவருக்கு இது வெறும் எண் திருத்தம் அன்று. 1937இல் பாரிஸிலும், தொடர்ந்து சூரிக்கிலும், 1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்போதெல்லாம் அவர் உயிரோடு கிளெர்மோனில் இருந்தார். இந்தக் கண்காட்சிகளை மறைவுக்குப் பிந்தியவை என்று பிரித்திருக்கும் பழைய பட்டியல்களைத் திருத்தி, அவற்றை ‘ஓவியர் வாழ்நாளில் நடந்தவை’ என்ற தலைப்பின்கீழ் மாற்றி எழுத வேண்டும்.