தோட்டம் அமைத்துக் கொடுத்த பிறகு கடைசித் தவணை ஏன் இழுபடுகிறது?

கேள்வி: வாடிக்கையாளர்களுக்குத் தோட்டம் அமைத்துத் தரும் தொழிலை அண்மையில் தொடங்கினேன். வேலை நடக்கும்போதே "இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்" என்கிறார்கள். முடித்துக் கொடுத்த சில மாதங்களில் நடைபாதைக் கற்கள் இறங்கிவிட்டன. சில செடிகள் பட்டுப்போயின. கடைசித் தவணையைத் தர மறுக்கிறார்கள். எங்கே தவறுகிறது?

பதில்: இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். தோட்ட வேலையில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் போய்விடுகிறது. வாடிக்கையாளர் கண்ணில் படுவது கல்லும் செடியும் மட்டுமே. அடியில் என்ன செய்தீர்கள் என்பது கொட்டேஷனில் இல்லை, அவரும் பார்க்கவில்லை என்றால், பிறகு எது கெட்டாலும் பழி உங்கள் மேல்தான் விழும்.

விலை சொல்லும் முன்பே தோண்டிப் பாருங்கள். புதுக் கட்டடத்தைச் சுற்றிய மண்ணில் சிமென்ட் கட்டியும் செங்கல் உடைசலும் புதைந்திருக்கும். லாரி ஏறி ஏறி மண் இறுகிப்போயிருக்கும். மூன்று நான்கு இடங்களில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால், வடிகால் இல்லாமல் அங்கே பெரும்பாலான செடிகளுக்கு வேர் அழுகும். வாடிக்கையாளரை அருகில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். நின்ற தண்ணீரைக் கண்ணால் பார்த்தவரிடம் வடிகால் செலவை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்காது.

கொட்டேஷனில் "புல்தரை அமைத்தல்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். 100 சதுர மீட்டருக்கு 15 செ.மீ. கனத்தில் மண் போட 15 கன மீட்டர் வேண்டும். கொட்டிய மண் நீர் பட்டதும் அமுங்கும் என்பதால் 18 கன மீட்டராவது வாங்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கு, கட்டடச் சுவரிலிருந்து வெளிப்புறமாக தண்ணீர் ஓட மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு, கல்லுக்கு அடியில் வரும் ஜல்லியின் கனம் எல்லாமே தாளில் இருக்கட்டும். எவையெல்லாம் இந்த விலையில் அடங்காது என்பதையும் எழுதுங்கள். பழைய கான்கிரீட் உடைப்பது, குப்பை அகற்றுவது, மின் இணைப்பு ஆகியவைதான் வழக்கமாகத் தகராறில் வந்து நிற்கும்.

இனி நடைபாதை. ஆட்கள் நடக்கும் பாதைக்கு 10 முதல் 15 செ.மீ. வரை இறுகிய ஜல்லி அடித்தளம், அதன்மேல் 2.5 செ.மீ. மணல், அதற்கு மேல் கல். கார் ஏறும் இடமென்றால் ஜல்லி 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. களிமண் தரைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இறுக்குவதில்தான். மொத்த ஜல்லியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் கம்பாக்டர் (அதிர்ந்து இறுக்கும் இயந்திரம்) ஓட்டினால் அதிர்வு அடிவரை போகாது. மேல்பகுதி கெட்டியாகத் தெரியும், அடி பொலபொலவென்றே இருக்கும். முதல் பெருமழையில் கல் இறங்கும். 10 செ.மீ.க்கு மேல் போகாமல், லேசாக ஈரப்படுத்தி, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். மேடுபள்ளத்தை மணலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டினால் அதுவும் இறங்கும். ஓரத்தில் கற்களைப் பிடித்து நிறுத்தும் அணைகல் இல்லாவிட்டால் வெளிவரிசைக் கற்கள் நகர்ந்து இடுக்கு விடும். ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

இடையில் கூடும் வேலைகளைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வேலை கண்ணுக்குத் தெரியத் தெரியத்தான் புதிய ஆசைகள் வரும், அது இயல்பு. கூடுதல் வேலை என்ன, தொகை எவ்வளவு, எத்தனை நாள் தள்ளிப்போகும் என்ற மூன்றையும் எழுதிச் சம்மதம் வாங்கிய பிறகே ஆளை இறக்குங்கள். இலவசமாகச் செய்து கொடுக்கும் சிறு வேலையையும் "தொகை இல்லை" என்று குறித்து அனுப்புங்கள். இல்லையென்றால் அடுத்ததும் இலவசம் என்றே அவர் எண்ணுவார். பாதை போடும் முன் அதன் குறுக்கே 10 செ.மீ. பி.வி.சி. குழாய் இரண்டைப் புதைத்து, இரு முனையையும் மூடி வைத்துவிடுங்கள். பிறகு விளக்கோ நீரூற்றோ கேட்டால் கல்லைப் பெயர்க்காமல் ஒயரும் தண்ணீர்க் குழாயும் இழுத்துவிடலாம்.

பாசனக் குழாய்களை மூடும் முன் தண்ணீர் திறந்து காட்டுங்கள். புல்தரை ஸ்பிரிங்க்ளருக்கும் செடிகளின் சொட்டுநீருக்கும் தனித்தனி வால்வு வேண்டும்; ஒரே வால்வில் ஓடினால் ஒன்று காயும், இல்லையேல் மற்றொன்று அழுகும்.

செடிகளைக் கல், குழாய் வேலை முடிந்த பிறகே நர்சரியிலிருந்து இறக்குங்கள். மரக்கன்றுக்குக் குழி, வேர்ப்பந்தைப் (மண்ணோடு சேர்ந்த வேர்த்திரள்) போல இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம். ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டின் அடி விரியும் இடம் தரைமட்டத்துக்கு மேல் தெரிய வேண்டும். அதைப் புதைத்துவிட்டு மூடாக்கையும் (மண்ணை மூடப் பரப்பும் சருகு, மரத்தூள் போன்றவை) தண்டோடு ஒட்டிக் குவிப்பதால் சாகும் கன்றுகள் ஏராளம். மூடாக்கு 5 முதல் 7 செ.மீ. போதும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டுங்கள்: பொருள் வாங்க முன்பணம், வடிகாலும் அடித்தளமும் முடிந்ததும் ஒன்று, கல் பதித்துப் பாசனச் சோதனை முடிந்ததும் ஒன்று. கடைசித் தவணை மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தோட்டத்தை ஒப்படைக்கும் நாளிலேயே அது வந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பட்டுப்போகும் செடிகளுக்கான பொறுப்பை அதோடு கலக்காதீர்கள். எத்தனை மாதத்துக்குள் பட்டுப்போனால் ஒருமுறை மாற்றித் தருவீர்கள், அதுவரை தண்ணீர் விடுவது யார், எந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது தனித் தாளாக இருக்கட்டும். ஒப்படைக்கும்போது அதிலும் இருவர் கையொப்பம் வேண்டும்.