விழித்திருக்கும்போதே மூளைக் கட்டியை எடுக்கும் அறுவைக்கு எந்த மயக்க மருந்து நல்லது?

உங்கள் அக்காவுக்குப் பேச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஒட்டிக் கட்டி இருக்கிறது, விழித்த நிலையில் அறுவை செய்யப் போகிறார்கள், மயக்க மருந்துக்கு ஒரு டாக்டர் ப்ரொபோஃபால் என்கிறார், இன்னொருவர் டெக்ஸ்மெடிடோமிடின் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரையும் நம்பலாம். நான் மயக்க மருத்துவர். இந்த வகை அறுவைகளில், அறுவை நடக்கும் இடத்தை மறைக்கும் துணிக்கு இந்தப் பக்கம், நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ளப் போவது முக்கியமாக இந்த இரண்டு மருந்துகளும் இல்லை. மூளைத் திசுவுக்கே வலி தெரியாது. வலிப்பதெல்லாம் தலைத்தோல், எலும்பை மூடிய சவ்வு, அதற்குள்ளே மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா, அதன் ரத்தக்குழாய்கள். இவற்றில் தோலுக்கும் எலும்புச் சவ்வுக்கும் போகும் நரம்புகளை, புருவத்துக்கு மேலே தொடங்கிப் பொட்டு, காதின் முன்புறம், பிடரி வரை ஒவ்வொரு பக்கமும் ஆறு இடங்களில் ஊசி போட்டு மரக்கவைத்துவிடுவோம். புபிவக்கைன் அல்லது ரோபிவக்கைன், கூடவே மிகக் கொஞ்சம் அட்ரினலின். சரியாக விழுந்தால் பல மணி நேரம் தாங்கும். டியூராவுக்கு மட்டும் எலும்பைத் திறந்த பிறகு சர்ஜன் தனியாக மரப்பு மருந்து போடுவார்.

அறுவையின் பாதி வெற்றி இந்த ஊசிகளில்தான் இருக்கிறது என்பேன். இது சரியாக விழாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நோயாளி நெளிவார், உடனே தூக்க மருந்தை ஏற்றுவோம், மூச்சு குறையும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும், அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து, திறந்திருக்கும் மண்டையோட்டு வழியாக மூளை வெளியே பிதுங்க ஆரம்பிக்கும். சர்ஜன் திட்டுவார், அது வேறு விஷயம். அதே சமயம் மரப்பு மருந்தையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. புபிவக்கைன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மில்லிகிராம், அதாவது 0.25 சதவீத மருந்தில் 48 மில்லி. தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம், மருந்து சீக்கிரம் உள்ளே இழுக்கப்பட்டுவிடும், அளவு மீறினால் வலிப்பும் வரலாம், இதயத் துடிப்பும் குழம்பலாம். சர்ஜன் பிறகு போடுவதையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட சண்டைக்கு வருவோம். ப்ரொபோஃபால் வேகமாகத் தூங்கவைக்கும், நிறுத்தினால் வேகமாகத் தெளியும், வாந்தியைக் குறைக்கும், வலிப்பையும் அடக்கும். மண்டையோட்டைத் திறக்கும்வரை நன்றாகத் தூங்கவைத்து, பேச்சுக்கான இடம் எது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு எழுப்பி, தைக்கும்போது மறுபடி தூங்கவைக்கும் முறைக்கு அதுதான் பழக்கமான மருந்து. கூடவே ரெமிஃபெண்டனில் என்ற வலி அடக்கும் மருந்து ஓடும். ரெமிஃபெண்டனிலை ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் நொதிகளே உடைத்துவிடுவதால், எத்தனை மணி நேரம் ஓட்டியிருந்தாலும் நிறுத்திய மூன்று நான்கு நிமிடத்தில் பாதி போய்விடும். ப்ரொபோஃபால் அப்படி இல்லை, நீண்ட நேரம் ஓடினால் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும், அதனால் எழுப்புவதற்குக் கால் மணி இருபது நிமிடம் முன்பே நிறுத்திவிடுவோம். சிலர் எழுந்ததும் இடம் தெரியாமல் உளறுவார்கள், கையை இழுப்பார்கள். தலையோ அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பின் ஊசிகளில் பொருத்தப்பட்டு அசைய முடியாமல் இருக்கும். அந்த ஐந்து பத்து நிமிடம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும் நேரம்.

டெக்ஸ்மெடிடோமிடின் வேறு வழியில் போகிறது. மூளைத்தண்டில் விழிப்பைக் கவனிக்கும் லோகஸ் சிருலியஸ் என்ற சிறு பகுதியை அமைதிப்படுத்துகிறது, அதனால் வருவது கிட்டத்தட்ட இயல்பான தூக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்வார், விட்டால் மறுபடி கண் அசருவார். மூச்சு பெரும்பாலும் கெடாது. 2016-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் பேச்சுப் பரிசோதனையின் தரம் இரண்டு முறையிலும் ஒன்றாகத்தான் இருந்தது, மூச்சுப் பிரச்சினை மட்டும் ப்ரொபோஃபாலும் ரெமிஃபெண்டனிலும் வாங்கியவர்களிடம் வந்தது. என் கை போவதும் டெக்ஸ்மெடிடோமிடின், சுருக்கமாக டெக்ஸ், பக்கம்தான். ஆனால் இதைப் பாதுகாப்பானது என்று நினைத்துத் தாராளமாக ஓட்டுபவர்களும் உண்டு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் விழும், உடலில் பாதி குறையவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும், அளவு கூடினால் பரிசோதனை நேரத்தில் நோயாளி மந்தமாகக் கிடப்பார். மணிக்குக் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மைக்ரோகிராம், பேச்சுப் பரிசோதனைக்கு முன் அதையும் குறைத்துவிடுவேன் அல்லது நிறுத்திவிடுவேன்.

மிடசோலம் பலர் பழக்கத்தில் கொடுப்பார்கள், பயம் போகும் என்று. நான் தொடுவதில்லை. படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும்போது அவர் திணறினால், அது மருந்தின் வேலையா, சர்ஜன் தொட்ட இடத்தின் வேலையா என்று தெரியாமல் போனால் விழிக்கவைத்ததற்கே அர்த்தம் இல்லை. வலிப்பு வந்து அடங்காவிட்டால் அப்போது வேறு வழியில்லை, கொடுக்கலாம். ஆனால் பேச்சுக்கான இடத்தைத் தேட மூளையில் லேசான மின்சாரம் கொடுத்து மின்தூண்டல் செய்யும்போது வரும் வலிப்புக்கு முதல் மருந்து, நம்ப மாட்டீர்கள், பனிக்குளிர்ச்சியான ரிங்கர் லாக்டேட் கரைசல்; சர்ஜன் அதை நேராக மூளையின் மேல் ஊற்றுவார், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அறுவை அன்று காலை மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வெறும் வயிறு என்பதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

மருந்தின் பெயரைவிட உங்கள் அக்காவைப் பற்றி நீங்கள் சொல்லப்போகும் விவரங்கள் எங்களுக்கு அதிகம் உதவும். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருமா, படுத்தால் இருமல் வருமா, பயந்தால் எப்படி நடந்துகொள்வார், வீட்டில் எந்த மொழி, வேலையில் எந்த மொழி. குறட்டை ரொம்ப மோசமாக இருந்தால் விழித்த நிலை அறுவையே வேண்டாம் என்று முடிவு செய்வதும் உண்டு.

கட்டியை எடுத்து முடித்த பிறகும் விழித்தே இருக்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. தலை பொருத்தப்பட்ட நிலையில் திரும்பவும் மூச்சுக்குழாய்க் கருவியை உள்ளே வைப்பது சிரமம் என்பதால் நான் மறுபடி ஆழமாகத் தூங்கவைப்பதில்லை. டெக்ஸைக் கொஞ்சம் கூட்டினால் போதும், தைத்து முடிக்கும்வரை பெரும்பாலானவர்கள் அவர்களாகவே தூங்கிவிடுவார்கள்.