பழைய காரில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் செருக இடமே இல்லை. பழுதைக் காட்டும் கோட் நம்பரை எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் வண்டி ஓபிடி-2 என்ற பொதுவான ஸ்கேனர் சாக்கெட் வருவதற்கு முந்தையதாக இருக்கலாம். 1996 மாடலில் இருந்துதான் அமெரிக்காவில் அது கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு வழி. ஸ்கேனர் ஏறாவிட்டால் என்ன, பல வண்டிகளில் அந்த விளக்கே சிமிட்டிச் சிமிட்டி நம்பரைச் சொல்லும்.

என்னுடையது 1993 டொயோட்டா. எஞ்சின் குளிர்ந்திருந்தால் கிளம்பாமல் இழுத்தடிக்கும், சூடேறிவிட்டால் சமர்த்து. பார்த்த மெக்கானிக் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே போய்விட்டது என்றார். மனசு கேட்கவில்லை. பானட்டுக்கு அடியில் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். அதில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளையும் வயர்த் துண்டால் இணைத்து, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினேன். எஞ்சினைக் கிளப்பக் கூடாது. இரண்டு சிமிட்டல், சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு. 22. (விடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் எதுவும் பதிவாகவில்லை என்று பொருள்.) பேட்டரி கரண்ட் வரும் துளையும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்க்காமல் குத்திவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

டொயோட்டாவில் 22 என்றால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலை சென்சார். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் அதே 22 திராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) சென்சார், அதனால் உங்கள் வண்டிக்கான பட்டியலையே பாருங்கள். சென்சாரில் இருந்து சரியான தகவல் வராதபோது கம்ப்யூட்டர் 80 டிகிரி என்று தானாகவே வைத்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. நோய் புரிந்துவிட்டது என்று துள்ளிக் குதித்துப் புது சென்சார் மாட்டினேன். ஈஎஃப்ஐ (பெட்ரோல் தெளிக்கும் அமைப்பு) ஃபியூஸைப் பத்து வினாடிக்கு மேல் கழற்றி வைத்துப் பழைய பதிவையும் அழித்தேன்.

மறுபடி 22.

கோட் சொல்வது அந்த சர்க்யூட்டை. சென்சார், அதில் செருகும் சாக்கெட், வயர் எல்லாம் அதில் அடக்கம். மீட்டரில் மின்தடையை அளந்து பார்த்தால் பழைய சென்சாரும் புதுசும் ஒரே மாதிரி 2 கிலோ ஓமுக்கு மேல் காட்டின. 20 டிகிரி வாக்கில் அது 2 முதல் 3 வரை இருந்தால் சரி. சாக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், உறைக்குள்ளேயே வயர் அறுந்து கிடந்தது!

‘மெக்கானிக் பிழைப்பில் மண்ணைப் போடாதே’ என்று யாராவது வருவீர்கள். நான் மெக்கானிக்கும் இல்லை, எல்லா மெக்கானிக்கையும் சொல்லவும் இல்லை. விளக்கை எண்ணிப் பார்க்காமல் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னவரைத்தான் சொல்கிறேன்.

புது சென்சார் வாங்குவதற்கு முன்பே அளந்திருக்கலாமே என்பீர்கள். மீட்டர் என் மச்சானிடம் இருந்தது. ஒரு வாரம் என்று வாங்கிப் போனது, மாதக்கணக்கில் கழித்துச் சிவப்பு வயர் இல்லாமல் திரும்பி வந்தது. கேட்டால், “முதல்லயே இல்லையே அத்தான்” என்கிறான். அப்படியென்றால் அதுவரை நான் எதை வைத்து அளந்துகொண்டிருந்தேனாம்?