ஒரு நதி, மூன்று நாடுகள்
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் நண்பரும் டிசம்பரில் இருபத்தைந்து நாள் விடுப்பெடுத்து, முதுகுப்பையுடன் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிவர விரும்புகிறோம். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஆறு நாடுகளையும் தலைக்கு ஒரு லட்ச ரூபாயில் பார்த்துவிட முடியுமா? அங்கோர் வாட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் விடுவதாக இல்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரு லட்ச ரூபாய் போதும், ஆனால் ஆறு நாடுகளுக்குப் போதாது. இந்தப் பகுதியில் படுக்கையும் சாப்பாடும் மலிவு. பணம் கரைவது எல்லைகளில்தான். எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் விசாக் கட்டணம், நீண்ட பயணச் சீட்டு, பணம் மாற்றுவதில் ஏற்படும் இழப்பு ஆகியவற்றோடு ஒரு முழுப் பகலும் போய்விடுகிறது. அறை வாடகை அதிகமான சிங்கப்பூரை முதலில் நீக்குங்கள். வடக்கிலிருந்து தெற்கே 1,700 கிலோமீட்டருக்கு மேல் ரயில் ஓடும் வியட்நாமுக்குத் தனியாக ஒரு மாதம் வேண்டும். அதை இன்னொரு விடுமுறைக்கு ஒதுக்குங்கள்.

மலேசியாவையும் விட்டுவிட்டால் மீதமுள்ள தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றையும் மேகாங் நதியே இணைத்துத் தருகிறது. பாங்காக்கில் இறங்கி, இரவு ரயிலில் சியாங் மாய் சென்று, அங்கிருந்து பேருந்தில் சியாங் கோங் எல்லையை அடையுங்கள். பாலத்தைக் கடந்தால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கே காலையில் புறப்படும் பயணிகள் படகு, இரவு பாக் பெங் என்ற சிற்றூரில் நின்று, மறுநாள் மாலை லுவாங் பிரபாங்கை அடைகிறது. வேகப் படகில் ஒரே நாளில் போகலாம் என்று சிலர் அழைப்பார்கள். பாறைகள் நிறைந்த அந்த ஆற்றில் அது ஆபத்தானது, ஏறாதீர்கள். லுவாங் பிரபாங்கிலிருந்து லாவோஸின் தலைநகரான வியந்தியானுக்கு, 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட ரயில் பாதை வழியாக இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம். அடுத்து இரவுப் பேருந்தில் தெற்கு லாவோஸிலுள்ள பாக்சே. அதன் அருகிலுள்ள வாட் பூ கோயிலைத் தவறவிட வேண்டாம். உச்சியில் இயற்கையாகவே லிங்கம் போன்ற பாறை அமைந்த மலையின் அடிவாரத்தில், அங்கோரைக் கட்டிய கெமர் அரசர்கள் வளர்த்தெடுத்த சிவத்தலம் அது. அங்கோரைப் பார்க்கும் முன் இதைப் பார்த்தவருக்கு, அந்தக் கட்டடக்கலை எங்கிருந்து வளர்ந்தது என்பது கண்ணெதிரே விளங்கும். தஞ்சையிலிருந்து வரும் உங்களுக்கு இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

இன்னும் தெற்கே, ஆறு பல கிளைகளாகப் பிரியும் தீவுகளில் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். கோன் அருவிகள் படகுப் போக்குவரத்துக்குத் தடையாக இருப்பதால், அங்கிருந்து சாலை வழியாகத்தான் கம்போடியாவுக்குள் நுழைந்து, அங்கோர் வாட்டுக்கு அருகிலுள்ள நகரமான சியாம் ரீப் செல்ல வேண்டும். பாங்காக்கிலிருந்து சியாம் ரீப்புக்கு நேராகப் பேருந்து உண்டு என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். 2025இல் மூண்ட எல்லைத் தகராறில் தாய்லாந்து–கம்போடியா தரைவழிச் சாவடிகள் மூடப்பட்டன என்பதால், அதை நம்பித் திட்டமிடாதீர்கள். இறுதியாகக் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென், அங்கிருந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சி. போன வழியே பாங்காக்குக்குத் திரும்பாததால் ஒரு பயணச் செலவு மிச்சமாகும்.

கணக்கைப் பார்ப்போம். டார்மிட்டரி படுக்கை, தெருக்கடைச் சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 2,300 ரூபாய் என்று வைத்தால் இருபத்தைந்து நாளுக்கு 57,500 ரூபாய். முன்கூட்டியே பதிவு செய்தால் விமானத்துக்கு 25,000 ரூபாய் அளவில் ஆகும். லாவோஸ், கம்போடியா விசாக்களுக்கு ஏழாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். இ-விசா எடுத்தால், நீங்கள் நுழையப்போகும் சாவடி அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விரும்பிய மூன்று நாள்களில் பயன்படுத்தலாம் என்பதால், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மிஞ்சும் தொகையில் மருத்துவக் காப்பீடு எடுங்கள். தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் பிடிப்பதால், சிறுசிறு தொகையாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். ‘ரூபாயில் கழிக்கட்டுமா?’ என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் உங்களுக்கு நஷ்டம். கம்போடியாவில் கிழிந்த, கறைபட்ட டாலர் தாளை வாங்க மாட்டார்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியையான எனக்குக் கோடை விடுமுறையில் மட்டுமே பயணம் செய்ய முடியும். இதே வழியில் போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் வயல்களையும் காடுகளையும் எரிப்பதால் புகை சூழ்ந்துவிடும். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றிலும் புத்தாண்டு வருவதால், பேருந்துகளில் இடம் கிடைப்பது அரிது. மே மாதம் பருவமழையும் தொடங்கிவிடும்.

உங்களுக்கு மலாய்த் தீபகற்பமே பொருத்தம். தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ சமுய் போன்ற தீவுகளுக்கு, நம் ஊரைப் போலவே, வடகிழக்குப் பருவக்காற்றில்தான் பெருமழை. மே மாதத்தில் அங்கே பெரும்பாலும் வெயில் இருக்கும். கோலாலம்பூரில் இறங்கி, தமிழிலேயே பேசிச் சாப்பிடக்கூடிய பினாங்கில் சில நாள் தங்கி, ரயிலில் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் செல்லுங்கள். அந்த ஒரே நிலையத்தில் இரு நாட்டு முத்திரைகளும் கிடைத்துவிடும். தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்தங்கியது என்பதை அடுத்த ரயிலுக்கான கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாட் யாய் வழியாகச் சூரத் தானி, அங்கிருந்து படகில் தீவு, பிறகு இரவு ரயிலில் பாங்காக். யாலா, பட்டானி, நராதிவாட் மாகாணங்களில் கிளர்ச்சி நீடிப்பதால் அப்பக்கம் செல்ல வேண்டாம்.

மலேசியா 2026 இறுதி வரை இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா விலக்கு அளித்திருக்கிறது. தாய்லாந்தும் 2023 நவம்பர் முதல் விலக்கு அளித்துவந்தது, ஆனால் அதன் விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் தளத்தில் சரிபாருங்கள். இரு நாடுகளும் கேட்கும் மின்னணு வருகைப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அன்று.

கேள்வி: சைவம் சாப்பிடுபவர்கள் அங்கே எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது; காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். தாய்லாந்தில் ‘ஜே’ என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் மீனும் முட்டையும் மட்டுமின்றி வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. லாவோஸில் மீனைப் புளிக்க வைத்த பாடேக், கம்போடியாவில் பிரஹோக் என இரண்டு நாட்டுச் சமையலுக்கும் அதுவே அடிப்படை என்பதால், சோறும் பழமும் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுபோகும் பருப்புப் பொடியோடு சில வேளைகளை ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: தனியாகச் செல்லும் இளைஞர்களை விமான நிலையத்தில் துருவித் துருவிக் கேட்கிறார்களாமே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கேட்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. கணினி வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைத்துப்போய், மியான்மர், லாவோஸ், கம்போடியாவிலுள்ள இணைய மோசடிக் கூடாரங்களில் நம் இளைஞர்களை அடைத்துவைத்த சம்பவங்களுக்குப் பிறகு, இந்திய அரசு பலமுறை எச்சரித்திருக்கிறது. லாவோஸின் பொக்கேயோ மாகாணத்துத் தங்க முக்கோணப் பகுதி அதில் முக்கியமானது. அது மேலே சொன்ன ஹுவாய் சாய் படகுத் துறைக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆகவே திரும்பும் டிக்கெட், முதல் சில நாள்களுக்கான தங்குமிடப் பதிவு, அலுவலக விடுப்புக் கடிதம், கைவசப் பணத்துக்கான சான்று ஆகியவற்றை அச்செடுத்து வையுங்கள். கேட்பதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். வழியில் யார் வேலை தருவதாகச் சொன்னாலும், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அவருடைய வாகனத்தில் ஏறாதீர்கள், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். பாங்காக், வியந்தியான், புனோம் பென் இந்தியத் தூதரகங்களின் அவசர எண்களைக் கைபேசியில் மட்டும் சேமிக்காமல் காகிதத்திலும் எழுதி, ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.