மெயின் கூன் பூனை நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

பவானியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களுடையது ஓட்டு வீடு, பின்னால் பொடக்காலி உண்டு. மகள் மெயின் கூன் பூனைக்குட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். ரக்கூனும் பூனையும் கலந்த இனம், நாய் அளவுக்கு வளரும் என்கிறார் விற்பவர். நம் வெயிலைத் தாங்குமா? புரட்டாசி முழுக்க நாங்கள் கவுச்சி சமைப்பதில்லை. பால் சோறு போதுமா?"

முதலில் அந்த ரக்கூன் கதையைத் தள்ளி வையுங்கள். ரக்கூன் என்பது புசுபுசு வால் கொண்ட அமெரிக்கக் காட்டு விலங்கு. அதுவும் பூனையும் வேறு வேறு குடும்பத்து விலங்குகள், அவற்றுக்குள் குட்டி பிறக்க வழியே இல்லை. புசுபுசுவென்ற வாலைப் பார்த்து யாரோ கட்டிய கதை அது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலம்தான் இதன் ஊர். கப்பல்களில் வந்திறங்கிய நீள்முடிப் பூனைகள் உள்ளூர்ப் பூனைகளோடு கலந்தன. அங்கே விழும் பனியைத் தாக்குப்பிடித்தவற்றின் வாரிசுகளே இன்றைய மெயின் கூன் என்பதுதான் நம்பத்தக்க விளக்கம். பண்ணை வீடுகளில் எலி பிடித்துப் பிழைத்த பூனை இது. 1895ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கண்காட்சியில் கோசி என்ற மெயின் கூன் முதல் பரிசு வாங்கியது. அப்புறம் எல்லோரும் பெர்சியன் பூனைக்குத் தாவ, 1950களில் இந்த இனம் அழிந்தே போனது என்று பேசும் நிலை வந்தது. மெயின் மாநிலத்து ஆர்வலர்கள்தான் காப்பாற்றினார்கள். 1985ல் அது மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பூனையானது.

இந்தப் பூர்வீகத்தைச் சொல்லக் காரணம், உங்கள் வெயில் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. தோளில் குட்டையாகவும் வயிற்றிலும் தொடையிலும் நீளமாகவும் உள்ள முடி, கழுத்தைச் சுற்றிய பிடரி, காது நுனியிலும் விரலிடுக்கிலும் முடிக்கற்றை என்று எல்லாமே குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்றவை. கோவைக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. ஈரோடு, பவானி பக்கம் கத்திரி வெயிலில் 40 டிகிரி சாதாரணம். பூனைக்கோ வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தின் அடியில் மட்டும்தான்.

ஆகவே, வீட்டுக்குள்ளேயே வளர்த்தால் தாங்கும், வெளியே விட்டால் தாங்காது. ஓட்டு வீடு பரவாயில்லை. தகரமோ சிமென்ட் அட்டையோ என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். பகல் பதினொன்று முதல் ஐந்து வரை ஏசி அறையோ, காற்றோட்டமுள்ள குளிர்ந்த தரையோ அதற்குக் கிடைக்க வேண்டும். நான்கைந்து இடங்களில் தண்ணீர் வையுங்கள். வெயில் காலத்தில் மொட்டையடித்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: முடி சூட்டையும் ஓரளவு தடுக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீவி, உதிர்ந்த முடியை எடுத்தாலே போதும். பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சிரைத்தால் அது ஆபத்து. சாதாரணக் குழாய்த் தண்ணீரால் பாதத்தையும் வயிற்றையும் நனைத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பொடக்காலியில் உண்ணி ஏறினால் நாய்க்கு வாங்கிய மருந்தைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். பாராசிட்டமாலும் அப்படித்தான்.

வளர்ச்சி விஷயத்தில் விற்பவர் சொல்வது பாதி உண்மை. ஆண் பூனை பெரும்பாலும் 6 முதல் 9 கிலோ வரை, பெண் 4 முதல் 6 வரை. முழு வளர்ச்சிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். முகம் சதுர வாக்கில் முன்னே நீண்டிருக்க வேண்டும். குட்டியின் மூக்கு சப்பையாக இருந்தால் அது பெர்சியன் கலப்பு. மெயின் கூன் விலை கொடுக்காதீர்கள்.

குணத்தில் மட்டும் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இவ்வளவு சாது. அறைக்கு அறை உங்கள் பின்னாலேயே வரும், மடியில் ஏறுவதைவிடப் பக்கத்தில் படுப்பதுதான் பிடிக்கும். கத்தும் குரல் சன்னமாக, பறவை கூவுவது போல இருக்கும். தண்ணீரில் காலை விட்டு அளைவதில் தனி ஆனந்தம். குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், உங்கள் மகளுக்கு நல்ல துணை.

பால் சோறு போதாது. டாரின் என்ற சத்து பூனைக்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்கிறது. இல்லையென்றால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்குதான் தரும். புரட்டாசியில் கடையில் விற்கும் பூனைத் தீவனம் போடலாம், சமைக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலும் கோழி, மீன் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது இதயத்தைப் பற்றி. இதயத் தசை தடித்துப்போகும் நோய் இந்த இனத்தில் அதிகம். அதற்கான மரபணு மாற்றம் ஒன்று 2005ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு மெயின் கூனிடம் அது இருக்கிறது. பார்வைக்கு நன்றாக ஓடியாடித் திரியும் பூனை ஒருநாள் திடீரென விழுந்து இறக்கலாம். தாய், தகப்பன் இரண்டுக்கும் எடுத்த மரபணுப் பரிசோதனை அறிக்கை, இதய ஸ்கேன் அறிக்கை இரண்டையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். அறிக்கை சரியாக இருந்தாலும் குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பது நல்லது. பக்கத்தில் வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.