வாட்ஸ்அப் கணக்கைத் தடை செய்துவிட்டார்கள், திரும்பப் பெற முடியுமா?

முதலில் திரையைப் பாருங்கள். நேரம் குறைந்துகொண்டே வந்தால் அது தற்காலிகத் தடை. பெரும்பாலும் ஜிபி வாட்ஸ்அப் மாதிரியான போலிச் செயலிகளால் வருவது. அதை நீக்கிவிட்டு அசல் செயலிக்கு மாறுங்கள். மாறாவிட்டால் தடை நிரந்தரமாகிவிடலாம்.

நேரம் எதுவும் காட்டவில்லையா? அப்படியானால் அந்தத் திரையிலேயே மறுஆய்வு கேட்கும் வசதி இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணைப் போட்டு, நடந்ததை உள்ளபடி எழுதுங்கள்.

"நான் தவறாக ஒன்றுமே அனுப்பவில்லையே" என்று பலர் குழம்புகிறார்கள். உரையாடல்கள் மறையாக்கத்தில் இருப்பதால் நிறுவனத்தால் அவற்றைப் படிக்க முடியாது. நடவடிக்கையை வைத்துத்தான் கணிக்கிறார்கள்: தெரியாத எண்களுக்கு மொத்தமாக அனுப்புவது, கேட்காமல் குழுவில் சேர்ப்பது, பலர் உங்களை பிளாக் செய்வது. யாராவது புகார் கொடுத்தால் மட்டும் கடைசி 5 செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும். சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படி மொத்தமாக அனுப்புவதில்தான். அவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காசு கொடுத்தால் தடையை எடுத்துத் தருகிறேன் என்று வருபவர்களை தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த 6 இலக்க எண்ணை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

மறுஆய்விலும் மறுத்துவிட்டார்களா? இந்தியாவில் இருப்பவர்கள் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். அவர் பதிலும் திருப்தி இல்லை என்றால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியாகவே முறையிடலாம்.